சூளை காயிலுக்கு அலுமினா குழாய் மதுரைல எங்க கிடைக்கும்?

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் விளாச்சேரி பக்கம், டெரகோட்டா நகை செய்றேன், சுடுறதுக்கு சின்ன கரண்ட் சூளை இருக்கு, 3 கிலோவாட், நிக்ரோம் காயில். காயில் நல்லாத்தான் இருக்கு, அத தாங்குற பீங்கான் புஷ்தான் பிரச்சனை. போன வாரம் தொறந்து பாத்தா ரெண்டு புஷ் நெட்டுவாக்குல விரிசல் விட்டு, காயில் தொட்டில் மாதிரி தொங்கி, இரும்பு பாடிய தொடுறதுக்கு ஒரு நூல்தான் பாக்கி, பக்குன்னு ஆயிருச்சு, வீட்ல சின்னப்புள்ளைக இருக்குதுக.

கடைல கேட்டா இஸ்திரிப்பெட்டிக்குப் போடுற மைக்கா தகட்டத்தான் எடுத்துத் தர்றாங்க, 900 டிகிரிக்கு அது எங்க தாங்கும். சாதா பீங்கானும் சூடு ஏற ஏற கரண்ட்ட கசிய விடும், நல்லா சிவந்தப்பறம் ஈஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) விழுறது அதனாலதான்னு நெனைக்கிறேன்.

அதான் அலுமினா குழாய் தேடுறேன், அது அதிக சூட்ட தாங்குற ஒரு பீங்கான் வகை. காயில் உள்விட்டம் 14 எம்எம், அதுக்குள்ள நுழையுற மாதிரி 10 எம்எம் குழாய், ஒரு அடி நீளம், 6 போதும். கப்பலூர் இல்ல கே.புதூர் தொழிற்பேட்டைல சில்லறையா யாராச்சும் குடுப்பாங்களா? மாட்டுன அனுபவம் உள்ளவங்க, குழாய ரெண்டு பக்கமும் இறுக்கணுமா, விரியறதுக்கு இடம் விடணுமான்னும் சொல்லுங்க. அதுவரைக்கும் சூளைய போடல.