புதுப்பிப்பு: அலாய் வீல்களுக்குப் பூட்டு நட்டு பொருத்தியாயிற்று

அலாய் வீல்கள் திருடு போகாமல் காக்கப் பூட்டு நட்டு (அதற்கென உள்ள தனிச் சாவியைப் பொருத்திக் கழற்றும் சக்கர நட்டு) போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சக்கரத்துக்கு ஒன்றாக நான்கையும் பொருத்திவிட்டேன். வெளி வளையம் தனியாகச் சுழலும் வகையையே தேர்ந்தெடுத்தேன். சாதாரண வகையின் மேல் சற்றுச் சிறிய சாக்கெட்டை (நட்டின் மேல் கவிழ்த்துத் திருகும் குழல்) அடித்து இறக்கித் திருகினால் அது கழன்றுவிடக்கூடும், சுழலும் வளையத்திலோ அந்தப் பிடி எளிதில் கிடைப்பதில்லை. இம்பேக்ட் ரெஞ்ச் (தட்டித் தட்டி வேகமாக முடுக்கும் இயந்திரம்) கொண்டு முடுக்கினால் நட்டுச் சாவியின் வரிப்பள்ளங்கள் சிதையக்கூடும் என்பதால், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சினால்தான் (குறித்த விசை அளவுக்கு இறுக்க உதவும் கருவி) இறுக்கும்படி பொருத்தியவரிடம் சொன்னேன். பஞ்சர் ஆனால் தேவைப்படும் என்று சாவியை வண்டியிலேயே வைத்திருக்கிறேன், ஆனால் டேஷ்போர்டுப் பெட்டியில் அல்ல. திருடனும் முதலில் அங்கேதான் தேடுவான். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி பெற உதவும் குறியீட்டு எண் வீட்டில் இருக்கிறது. வண்டியை ஜாக்கியால் தூக்கினால் ஒலிக்கும் சாய்வு உணரி அலாரம் மட்டும் இன்னும் பாக்கி.