ஆர்டி கர்னலில் இர்டா இணைப்பு அறுந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கொங்குக்கணினி:
வருடங்கள் ஆகியும் இது மண்டையைக் குடைகிறது, அதனால் எழுதுகிறேன். கோவைப் பக்கம் ஒரு வார்ப்பட ஆலை. உலைக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி ஒற்றைக் கோர், லினக்ஸ் 4.9 கர்னல், ஆர்டி பேட்ச் (அவசர வேலை நேரம் தவறாமல் ஓட வைக்கும் ரியல் டைம் மாற்றம்) போட்டது. காம் 2 சீரியல் போர்ட்டில் இர்டா, அதாவது அகச்சிவப்பு ஒளியில் தரவு பேசும் முறைக்கான டிரான்சீவர். ஷிப்டுக்கு ஒருமுறை பழைய டேட்டா லாகரிடமிருந்து வெப்பநிலைப் பதிவை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண கர்னலில் ஓடியது ஆர்டிக்கு மாறிய அன்றே நின்றது.

டிஸ்கவரி (எதிரே எந்தக் கருவி என்று தேடும் கட்டம்) ஒழுங்காக நடந்ததுதான் குழப்பமே. இர்டா போக்குவரத்தைக் காட்டும் இர்டாடம்ப்பில் தேடல் ஸ்லாட்டுகள் வரிசையாக ஓடும், லாகரின் பெயர் வரும், இணைப்புக் கேட்டால் சம்மதமும் வரும். வேகம் ஏறியதும் ஒன்றிரண்டு ஃப்ரேம், அப்புறம் வெறும் ரீட்ரை. லாகர் செத்துவிட்டது என்று ஆலைக்காரர் அடித்துச் சொன்னார். கைபேசிக் கேமராவை அதன் கறுப்பு ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். திரையில் ஊதா நிறப் புள்ளி ஒன்று படபடவென்று துடித்தது. லாகர் பேசிக்கொண்டுதான் இருந்தது, காது கேட்காதது நம் பெட்டிக்கு.

கர்னலின் நிலவரம் காட்டும் ப்ராக் அடைவில் சீரியல் டிரைவரின் கோப்பைத் திறந்தேன். காம் 2 வரியில் ஓவர்ரன் (எடுப்பதற்குள் பஃபர் வழிந்து தரவு தொலைந்த தடவைகள்) 41. இன்னொரு முறை இணைத்துப் பார்த்தேன், 58. உலையின் கன்ட்ரோல் லூப் 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை எழுந்து 1.5 மில்லி விநாடி ஓடும், ஃபிஃபோ முன்னுரிமை 80 (ஆர்டி வேலைகளுக்கான வரிசை, எண் பெரியதே முந்தும்). ஆர்டியில் இன்டரப்டை (வன்பொருள் கர்னலைக் கூப்பிடும் சைகை) கவனிப்பது ஒரு த்ரெட், அதற்கு 50தான். 115200 வேகத்தில் ஒரு பைட் வர 87 மைக்ரோ விநாடி. 16550 சீரியல் சிப்பின் 16 பைட் பஃபரில் 8 நிரம்பியதும் இன்டரப்ட் வரும். மிச்ச 8-ம் நிரம்ப 0.7 மில்லி விநாடி போதும். லூப் முடிவதற்குள் வழிந்துவிடும். டிஸ்கவரி 9600-ல் நடப்பதால் அங்கே 8 மில்லி விநாடிக்கு மேல் அவகாசம் இருந்தது.

இன்டரப்ட் த்ரெட்டை 85-க்கு ஏற்றினேன். அதோடு ஓவர்ரன் நின்றது. ஆனாலும் பத்துக்கு ஒரு தடவை இணைப்பு அறுந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அலைவரிசை:
நீங்கள் செய்தது பாதி வேலை. இன்டரப்ட் த்ரெட் பைட்டை எடுத்து டிடிஒய் பஃபரில் (கர்னலில் சீரியல் தரவு தங்கும் இடம்) போடுவதோடு சரி. அங்கிருந்து இர்டா அடுக்குக்குக் கொண்டு போவது கேவொர்க்கர் என்ற கர்னலின் பின்னணி த்ரெட், அதற்கு ஆர்டி முன்னுரிமையே கிடையாது. எந்த ஃபிஃபோ வேலை ஓடினாலும் அது காத்துக் கிடக்கும். சில விநாடி காக்க வைத்தால் எதிர்முனை இணைப்பைக் கைவிட்டுவிடும். பெட்டியில் வேறு எதற்கெல்லாம் ஃபிஃபோ கொடுத்திருந்தார்கள் என்று பார்த்தீர்களா?

அதோடு, உலையின் லூப்புக்கு மேலே ஒரு சீரியல் போர்ட்டை உட்கார வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லூப்பை வேறு கோருக்கு மாற்றியிருக்க வேண்டும். அல்லது கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் இர்டாவின் உச்ச வேகத்தை 38400-க்கு இறக்கியிருக்கலாம். 8 பைட்டுக்கு 2 மில்லி விநாடி கிடைக்கும், உங்கள் 1.5 அதற்குள் அடங்கிவிடும். 57600 போதாது, 1.4-தான் வரும். ஷிப்டுக்கு ஒருமுறை இழுக்கும் பதிவுக்கு 115200 எதற்கு?

என் கதை சின்னது. ஆர்டியில் ஒரு எஃப்ஐஆர் (வேக அகச்சிவப்பு) டிரைவர், ‘ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வாலிட் கான்டெக்ஸ்ட்’ (தூங்கக் கூடாத இடத்தில் தூங்குகிறது) என்று லாக் நிறையக் கத்தியது. இன்டரப்டை அணைத்துவிட்டு ஸ்பின்லாக் எடுக்கும் பழைய நிரல். ஆர்டியில் ஸ்பின்லாக் தூங்கக்கூடிய பூட்டு, அந்த வரிசை செல்லாது. நான்கு வரி திருத்தியதும் அடங்கியது.

பழையமடிக்கணினி:
எல்லாவற்றுக்கும் ஆர்டியைக் குறை சொல்ல வேண்டாம். என் திங்க்பேடில் மூன்று நாள் முன்னுரிமைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் சாதாரண சீரியல் டிரைவர் அந்தப் போர்ட்டை முன்பே பிடித்து வைத்திருந்தது. சீரியல் போர்ட்டை அமைக்கும் செட்சீரியல் கட்டளையில் ‘யுஏஆர்டி நன்’ என்று கொடுத்து விடுவித்த பிறகுதான் எஃப்ஐஆர் டிரைவரே ஏறியது.

கேமரா சோதனை பற்றி ஒன்று. சில கைபேசிகளின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பு வடிகட்டி இருக்கும், ஒன்றும் தெரியாது. முன்கேமராவிலும் பார்த்துவிட்டு அப்புறம் கருவி செத்தது என்று சொல்லுங்கள்.

முத்துக்குளிப்பவன்:
என் டைவ் கம்ப்யூட்டர் (முக்குளிப்பைப் பதியும் கருவி) இர்டாவில்தான் பேசும். பாட்டு ரெக்கார்டிங்குக்காக ஆர்டி கர்னல் வைத்திருந்தேன். கர்னலைப் புதிய பதிப்புக்கு ஏற்றியதும் டைவ் பதிவுகளை இறக்கப் போனால், அந்த முகவரிக் குடும்பத்துக்கு ஆதரவே இல்லை என்று ஒரே வரி. ஆர்டி பேட்ச்தான் கெடுத்தது என்று ஒரு வாரம் தேடினேன். 4.14-ல் இர்டாவை ஸ்டேஜிங்குக்கு (கர்னலில் ஓரங்கட்டிய நிரல்களுக்கான அடைவு) தள்ளி, 2018-ல் 4.17-லிருந்து முழுவதுமாக எடுத்தே விட்டார்கள். ஆர்டி மூலக் கர்னலுக்குள் முழுதாக வந்தது 2024-ல், 6.12-ல்தான். ஆக, பேட்ச் இல்லாத கர்னலில் இந்த இரண்டும் ஒருநாளும் சேர்ந்து இருந்ததே இல்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். கருவி நன்றாக இருக்கிறது, டைவ்கள் உள்ளே இருக்கின்றன. இதற்காகவே 4.9 போட்ட ஒரு பழைய மடிக்கணினியைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன், நெட்டில் மட்டும் இணைப்பதில்லை.

கொங்குக்கணினி:
@அலைவரிசை, ஒற்றைக் கோர் என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தேன், வேறு கோருக்கு எங்கே போவது? ஆனால் கேவொர்க்கர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஷிப்ட் ரிப்போர்ட் தயாரிக்கும் புரோகிராமுக்கும் ஃபிஃபோ 60 கொடுத்திருந்தார்கள். அது ஓடினால் சில விநாடி சிபியுவை விடாது. ஷிப்ட் முடியும் நேரத்தில்தான் நாங்களும் லாகரை இழுப்போம். அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறதாம். நாளை காலை ஆலைக்குக் கூப்பிட்டு, ரிப்போர்ட்டைச் சாதாரண முன்னுரிமைக்கு இறக்கச் சொல்லப்போகிறேன்.