காமிராவுக்குப் பணம் அனுப்பும் முன்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் அறக்கட்டளை நிகழ்ச்சிகளை எடுக்கக் காமிரா வாங்கப் பணம் கேட்டுப் பொருளாளர் மச்சான் அனுப்பிய மடலையும் அதற்கு வந்த பதில்களையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்து முடித்தேன். ஒன்றரை லட்சம். தலைக்கு எவ்வளவு வரும் என்று துபாய் பெரியப்பா வகுத்தும் காட்டிவிட்டார். அறக்கட்டளைக்குச் சொந்தமாக ஒரு காமிரா வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்தக் கொட்டேஷனில் இருக்கிற காமிரா நமக்குச் சரிப்படாது.

போன தை மாதம் ஊரில் இருந்தபோது அம்மா அந்தப் பென்டிரைவை டிவியில் போட்டார், முந்தின வருடப் பொங்கல் விழா. வடக்குத் தெரு அத்தை முளைப்பாரிக் கும்மியை எடுத்துக் கொடுக்கிறார், பெண்கள் சுற்றி வந்து அடிக்கிறார்கள். அத்தையின் வாய் அசைகிறது. கேட்பது ஒரு சினிமாப் பாட்டு! மிக்ஸிங்கில் அசல் சத்தத்தை எடுத்துவிட்டு அதை ஏற்றியிருக்கிறார்கள். கல்யாண வீடியோவுக்குச் செய்வதுபோலவே இதற்கும் செய்துவிட்டார்கள். அந்த ஆவணியில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது பேச்சே குழறுகிறது. சின்ன வயதில் கோயில் வாசலில் அத்தை பின்னாலேயே பாடிக்கொண்டு சுற்றிய எனக்கும் அக்காவுக்கும் இன்று முதல் இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. நிகழ்ச்சியை நாமே எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, சத்தம் போகக்கூடாது.

சரி, காமிராவுக்கு வருகிறேன். கொட்டேஷனில் இருப்பது சோனி இசட்வி-ஈ10. 2021-ல் வந்தது, நல்ல காமிராதான், லென்ஸ் மாற்றலாம். கூடவே வருகிற 16-50 லென்ஸ் ஜூமில் மூன்று மடங்குதான் இழுக்கும். நம் பந்தலில் காமிரா நிற்கக்கூடிய இடம் கடைசி வரிசைக்குப் பின்னால் மட்டும்தான், முன்னால் வைத்தால் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு மறைக்கும். அங்கிருந்து எடுத்தால் பரிசு வாங்கும் பிள்ளையின் முகம் தெரியாது. பெரிய லென்ஸ் என்றால் அது தனிச் செலவு. நாம் கேட்க வேண்டியது காம்கார்டர், கையில் மாட்டிப் பிடிக்கிற பழைய மாதிரி வீடியோ காமிரா. கேனான் எச்எஃப் ஜி70 போன்றவற்றில் லென்ஸே 20 மடங்கு இழுக்கும். மைக் செருகவும் துளை உண்டு, ஹெட்போன் செருகவும் துளை உண்டு. இந்த இரண்டு துளையும் இல்லாத காமிராவை யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

சிங்கப்பூர் தம்பி கேனான் 200டி இரண்டாம் மாடல் சொன்னான். அது 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிகிற காமிராவை ஐரோப்பிய ஒன்றியத்தில் வீடியோ காமிரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி போட்டதால் வந்த வரம்பு அது. நம் ஆண்டு விழா மூன்று மணி நேரம். யாராவது அரை மணிக்கு ஒரு முறை பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் போச்சு.

4கே, அதாவது மிகத் துல்லியமான படம், கட்டாயம் என்று மாமா எழுதியிருந்தார். மாமா, பக்கத்து ஊர்க்காரர்கள் ட்ரோன் விட்டது எனக்கும் உறுத்தியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பதிகிற வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் 4கே-வில் ஒரு மணி நேரம் 45 ஜிபி, விழா முழுவதும் 135 ஜிபி. அதற்குக் கீழே உள்ள ஃபுல் எச்டியில் 24 மெகாபிட் போதும், மணிக்கு 11 ஜிபிக்குள் அடங்கும். படிப்பகக் கம்ப்யூட்டர் 4கே-வைத் திறக்கவே திணறும். காமிராவில் 4கே இருந்துவிட்டுப் போகட்டும், நாம் எச்டியில் எடுப்போம். மெமரி கார்டில் மட்டும் வி30 (பதிகிற வேகத்துக்கான குறி) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து இரண்டு வாங்க வேண்டும்.

மிச்சப் பணம் சத்தத்துக்கும் ஸ்டாண்டுக்கும் போகட்டும். காமிராவில் இருக்கிற மைக் பக்கத்துச் சத்தத்தைத்தான் முதலில் பிடிக்கும். பந்தலின் பின்னால் நின்றால் அது ஜெனரேட்டரும் பந்தி பரிமாறுகிற சத்தமும். பேச்சுக்கு மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து, அதாவது மேடை மைக்குகள் எல்லாம் வந்து சேரும் பெட்டியிலிருந்து, ஒரு ஒயர் எடுக்கலாம். ஆனால் மிக்சரிலிருந்து வருகிற லைன் சிக்னல், மைக் துளை எதிர்பார்ப்பதைவிட மிகவும் பலமானது. நேரே செருகினால் குரல் கரகரத்துப் பாழாகும். அதைக் குறைத்துக் கொடுக்கிற ஒயர் என்று கேட்டு வாங்க வேண்டும். கும்மிக்கு மேடை மைக் இல்லை. அதற்கு ஒரு சின்ன ரெக்கார்டரை நடுவில் வைத்தால் போதும். காமிராவில் நிற்பவர் காதில் ஹெட்போன் இருந்தே ஆக வேண்டும். அது இருந்திருந்தால் போன கண் முகாமில் டாக்டர் பேசியது முழுவதும் இரைச்சலாகப் போயிருக்காது.

நியூஜெர்சி அண்ணன் தன் பழைய காமிராவைக் கொடுத்தனுப்புவதாக எழுதியிருந்தார். அண்ணா, உங்கள் மனசு தெரியும், கோவிட் சமயத்தில் நீங்கள் செய்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் அங்கே விற்கும் காமிரா பெரும்பாலும் நொடிக்கு 60 படக் கணக்கில் ஓடுவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் நிறுத்தினால் சமாளிக்கலாம், ஆனால் அதை ஒவ்வொரு முறையும் ஞாபகமாகச் செய்ய வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அண்ணன் இப்போது அமெரிக்கக் குடிமகன். 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, இந்தியக் குடியுரிமையை விட்டவர் அறக்கட்டளைக்குக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. பணம் மட்டுமல்ல, பொருளும் அதில் சேரும். அதை வாங்க அந்தச் சட்டப்படி பதிவு வேண்டும், நம் அறக்கட்டளைக்கு அது கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. சித்தப்பா பெயருக்கு அன்பளிப்பாக அனுப்பி அறக்கட்டளை உபயோகிக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். வேண்டாம். முப்பது வருடமாகக் கைக்காசு போட்டு அந்தப் படிப்பகத்தைத் திறந்து வைத்திருக்கிற மனிதர், வயதான காலத்தில் அவர் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்கக்கூடாது.

துபாய் பெரியப்பாவுக்கு: மூன்று கொட்டேஷன் கேட்டது நியாயம். திருச்சியில் ஒன்று, சென்னையில் இரண்டு வாங்கிவிடலாம். பில் அறக்கட்டளை பெயரில், இருப்புப் பதிவேட்டில் காமிராவின் சீரியல் நம்பரோடு ஏற வேண்டும். முன்பு ஜெனரேட்டர் கணக்கில் வந்த பேச்சை மறுபடி கிளற நான் விரும்பவில்லை. அப்பாவின் பெயர் அதில் இழுபட்டது எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த முறை பதிவேடு முதலில், பணம் பிறகு என்கிறேன்.

யார் எடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலை வகுப்பில் பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள் என் போனை வாங்கி அவ்வளவு நிதானமாக எடுத்தார்கள். அவர்களிடம் கொடுப்போம். படம் ஆடினாலும் போகட்டும் என்று ஆண்பிள்ளைகள் கையில் திணிக்க வேண்டாம். நல்ல ஸ்டாண்டு ஒன்று என் செலவில் வாங்கித் தருகிறேன், சித்திரையில் தம்பி போகும்போது எடுத்துப் போவான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், ஊரில் இருப்பவர்களுக்கு. பாட்டு ஏற்றுவதற்கு முன் இருந்த பதிவு அந்த வீடியோக்காரரின் ஹார்ட் டிஸ்க்கில் ஒருவேளை அழியாமல் இருக்கலாம். யாராவது இந்த வாரமே நேரில் போய்க் கேளுங்கள். காசு கேட்டால் நான் கொடுக்கிறேன்.