கேஜி பிள்ளைக்கு 100 வரை எண் எழுதறது தேவையா? குழந்தை உளவியலாளர் பியாஜே சொன்னபடி காத்திருக்கலாமா?

மயூர்விஹார் அம்மா:
பையனுக்கு நாலரை வயசு. கேஜி. தினமும் 1 முதல் 100 வரை எழுதிட்டு வரணுமாம். நேத்து ஏழு புளியங்கொட்டையை வரிசையா வெச்சு, கீழே இன்னொரு ஏழு வெச்சேன். "ரெண்டும் சமம்"னான். கீழ் வரிசையை அகட்டி வெச்சதும் "இதுலதான் நிறைய"ன்னுட்டான். ஆறேழு வயசு வரைக்கும் நீளமாத் தெரியறதுதான் பிள்ளைக்கு அதிகம்னு பியாஜே சொன்னது அப்படியே நடந்தது. ஒண்ணாம் வகுப்பு வரை கணக்கையே தொடாம விட்டுடலாம்னு இருக்கேன்.

ஆர்.கே.புரம் வாத்தியார்:
எழுத்து வேண்டாம், சரி. கணக்கே வேண்டாம்கிறது தப்பும்மா. பெரியவங்க வரிசையை மாத்திட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டா, முதல்ல சொன்னது தப்பு போலிருக்குன்னு பிள்ளை பதிலை மாத்தும். 1974இல் மெக்காரிகிள், டொனால்ட்சன்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு குறும்புக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைக்கிற மாதிரி செஞ்சாங்க. அப்போ நாலுலேர்ந்து ஆறு வயசுப் பிள்ளைகள்ல பாதிக்கு மேல சரியாச் சொன்னாங்க.

மயூர்விஹார் அம்மா:
கரடியைப் பார்த்த குஷியில வரிசை மாறினதையே கவனிக்காம சொல்லியிருக்கலாமே சார். அதை எப்படிப் புரிதல்னு எடுத்துக்கறது? பென்சிலை அழுத்தி அழுத்தி இவன் நடுவிரல்ல தடிப்பு விழுந்திருக்கு. எனக்கு அதுதான் கண்ணுல நிக்குது.

கரோல்பாக் பாட்டி:
என் பேத்தி பல்லாங்குழி சோழியை ஒவ்வொண்ணாத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு... ஆறு"ன்னு சரியா எண்ணுவா. "மொத்தம் எத்தனைடி கண்ணு?"ன்னா, மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்பா. இது ஏன் சார்?

ஆர்.கே.புரம் வாத்தியார்:
அருமையான கேள்வி பாட்டி. கடைசியாச் சொன்ன எண்தான் மொத்தம்கிறது அவளுக்கு இன்னும் பிடிபடலை. கெல்மன், காலிஸ்டல்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1978இல் எண்ணறதுக்கு வகுத்த அஞ்சு விதிகள்ல இதுவும் ஒண்ணு. இது எழுதி வராது. நீங்க கூட உட்கார்ந்து "ஆறு, ஆக ஆறு சோழி"ன்னு கையால வளைச்சுக் காட்டக் காட்ட வரும். இன்னிக்குத் துணையோட செய்யறதை நாளைக்குத் தானே செய்யும்னு உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான். வயசு வரட்டும்னு விட்டா அந்தத் துணை எங்கேர்ந்து வரும்?

கரோல்பாக் பாட்டி:
அப்போ வீட்டுல தமிழ்லயே எண்ணச் சொல்லுங்க. இந்தியில 43 தேந்தாலீஸ், 39 உன்தாலீஸ். ஒவ்வொண்ணும் தனி மனப்பாடம். நாப்பத்தி மூணுன்னா நாப்பதும் மூணும் காதுலயே விழுதே!

ஆர்.கே.புரம் வாத்தியார்:
உண்மை. எண்பத்தொன்பது தாண்டி தொண்ணூறுல மட்டும் பிள்ளைங்க தடுமாறும், அங்கே கூட நில்லுங்க. மயூர்விஹார் அம்மாவுக்கு ஒண்ணு: 2021இல் வந்த மத்திய அரசோட நிபுண் பாரத் கல்வித் திட்டத்துல பால்வாடிகா, அதாவது ஒண்ணாம் வகுப்புக்கு முந்தின வருஷப் பிள்ளைக்கு, 10 வரை எண்களை அடையாளம் கண்டு படிக்கிறதுதான் இலக்கு. 99 வரை எழுதறது ஒண்ணாம் வகுப்புக்கு. பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் கேளுங்க.

மயூர்விஹார் அம்மா:
கேக்கறேன் சார், சனிக்கிழமை பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் இருக்கு. இன்னிக்கு அவங்கப்பா தெரியாம இடிச்ச மாதிரி கையால வரிசையைக் கலைச்சார். எது நிறையன்னு கேட்டதுக்குப் பையன் உடனே பதில் சொல்லலை. விரலை வெச்சு எண்ண ஆரம்பிச்சான். அஞ்சாவது கொட்டையில விட்டுட்டு என் முகத்தைப் பார்த்தான். பியாஜே சொன்னது தப்புன்னு இன்னும் ஒத்துக்க மாட்டேன். ஆனா அந்த ஆறாவதை நான்தான் தொட்டுக் காட்டினேன்.