கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதல்: மலைமேல் சாப்பிட்டவர்களின் அனுபவங்கள்

வெலிங்டன்வாசி

பில்லில் 1,840 ரூபாய் என்று இருந்தது. கார்டு இயந்திரம் துப்பிய சீட்டில் 1,877 ரூபாய் என்று இருந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்தக் கணம் இன்னும் மனத்தை அறுத்துக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சீசன் நேரம். ஊரிலிருந்து குன்னூரை அடுத்த எங்கள் வெலிங்டனுக்கு வந்திருந்த மாமனார், மாமியாருடன் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஓர் உணவகத்தில் மதியச் சாப்பாடு. கல்லாவில் இருந்தவர் கார்டை வாங்கித் தொகையை அடித்து, இயந்திரத்தை என் பக்கம் திருப்பி எண்ணை அழுத்தச் சொன்னார். திரையின் மேல்பாதியில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொகையை அவர் வாயால் சொல்லவும் இல்லை, பில்லில் எழுதவும் இல்லை. சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, "கார்டுக்கு ரெண்டு பர்சன்ட் சார், பேங்க்ல புடிச்சுக்கிறாங்க" என்றார், எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நான் மட்டும் கேட்டுவிட்டதுபோல.

அதற்குள் மாமனார் சட்டைப்பையிலிருந்து நாற்பது ரூபாயை எடுத்து என் கையில் திணித்து, "விடுங்க மாப்பிள்ளை, எங்களாலதானே செலவு" என்றார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த கூச்சத்துக்கு முப்பத்தேழு ரூபாய் ஈடாகாது. விருந்தாளியாக வந்த பெரியவரைத் தம்மால் செலவு என்று நினைக்க வைத்த அந்தக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது? பில்லில் இல்லாத தொகையை இயந்திரத்தில் மட்டும் வசூலித்தால், கடையின் வரவுப் புத்தகத்தில் அது என்ன பெயரில் ஏறும்? இதே அனுபவம் பட்டவர்கள் எழுதுங்கள்.

மதுரைப் பயணி

எனக்கு நடந்தது கொடைக்கானலில். கார்டுக்கு மூன்று சதவீதம் கூடுதல் என்ற அறிவிப்பு ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அது கல்லாவின் மேல், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வருபவர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது. ஜிபேயில் தருகிறேன் என்றேன். மழையும் மேகமுமாக இருந்த அந்த மாலையில் சிக்னல் வரவே இல்லை. அப்படியானால் ரொக்கம் எடுத்து வருகிறேன் என்று ஏழுரோடு பக்கம் உள்ள ஏடிஎம்முக்குக் கிளம்பியபோது, முதலாளி ஒரு பையனை என்னுடன் அனுப்பினார்.

நான் ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பையன் அனுப்பப்பட்டான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினெட்டு வயது இருக்கும். கழுத்து தளர்ந்த ஸ்வெட்டர் போட்டிருந்தான். கடையில் இருந்த ஒரே குடையை எடுத்து வந்து, வழியெல்லாம் என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடியே நடந்தான். நீயும் உள்ளே வா என்று நான் சொன்னபோதெல்லாம் "பரவால்லண்ணே" என்று மட்டும் சொன்னான். கூடுதல் கட்டணத்தை மறந்துவிட்டேன், அந்தக் குடையை மறக்க முடியவில்லை.

கோத்தகிரியில் சிறு உணவகம் நடத்துபவள்

மேலே எழுதிய இருவரின் மனவருத்தமும் எனக்குப் புரிகிறது. பில்லில் எழுதாமல் வாங்கியது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "பேங்க்ல புடிச்சுக்கிறாங்க" என்று அந்தக் கல்லாக்காரர் சொன்னது பொய்யன்று. கடன் அட்டையில் ஆயிரம் ரூபாய்க்கு ஒருவர் சாப்பிட்டால், வங்கி எடுக்கும் கழிவு (கமிஷன்) ஏறத்தாழ இருபது ரூபாயும் அந்தக் கழிவின்மேல் ஜிஎஸ்டியும் போக மீதிதான், அதுவும் பெரும்பாலும் மறுநாள்தான், எங்கள் கணக்குக்கு வரும். இயந்திரத்துக்கு மாத வாடகை தனி. காலையில் பால்காரருக்கும் காய்கறி வண்டிக்கும் ரொக்கமாக எண்ணிக் கொடுக்கிற எங்களுக்கு அந்த ஒருநாள் தாமதமும் செலவுதான்.

மலையில் விளைவதால் எல்லாமே மலிவு என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கேரட்டும் முட்டைக்கோசும் மட்டும் வைத்துச் சாப்பாடு போட முடியாது. அரிசி, வெங்காயம், தேங்காய், எண்ணெய், வாழையிலை எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரவேண்டும். 2017 நவம்பர் 15 முதல் உணவக பில்லுக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி என்று குறைத்தார்கள், சாப்பிடுகிறவர்களுக்கு அது நல்லதுதான்; ஆனால் அதோடு உள்ளீட்டு வரிவரவையும், அதாவது வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியையும், எடுத்துவிட்டார்கள். 19 கிலோ வணிக சிலிண்டருக்கு நாங்கள் கட்டுகிற 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ள வழி இல்லை, அது அப்படியே தோசையின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2025 சீசனில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நீலகிரிக்கு ஒரு நாளைக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரையறை செய்திருந்தது. மலையைக் காப்பதற்கு அது வேண்டியதுதான் என்றாலும், அந்த மூன்று மாத வரவை வைத்து மழைக்காலத்தைத் தள்ளுகிற கடைகளுக்கு அது என்னவென்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

இனி என்னுடைய அனுபவம். இரண்டு சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தோம், பலகையில் எழுதி வைத்துத்தான். ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே "இது சட்டவிரோதம் என்று ஒத்துக்கொள்ளுங்கள்" என்று சத்தம் போட்டார். என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றே அந்தப் பலகையை எடுத்துவிட்டு, எல்லா விலையிலும் சிறிது ஏற்றினோம். அறுபது ரூபாய் தோசை அறுபத்தைந்து ஆயிற்று.

அடுத்த வாரம், தேயிலை பறிக்கப் போகிற வழியில் எங்களிடம் வழக்கமாகச் சாப்பிடும் இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவர் விலைப்பலகையைப் பார்த்தார். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து எண்ணினார். மறுபடி முடிந்துகொண்டு, "ரெண்டு டீ மட்டும் குடும்மா" என்றார். கார்டே வைத்திராத அவர்கள், கார்டு வைத்திருப்பவர்களின் கழிவைச் சுமக்கும்படி ஆகிவிட்டது. கூடுதல் கட்டணம் கூடாது என்று சொல்கிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதைத்தான்: பலகையில் எழுதினால் நீங்கள் கொடுக்க வேண்டும், எழுதாமல் விலையில் சேர்த்தால் அந்த அம்மா கொடுக்க வேண்டும். எது நியாயம்?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், உதகை

கோத்தகிரிச் சகோதரி எழுதியதைப் படித்தேன். அவருடைய கஷ்டத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அவர் முன்வைக்கும் கேள்வி பாதியிலேயே நின்றுவிடுகிறது. நான் ஓர் உணவகத்தில் டெபிட் கார்டு கொடுத்தேன், அதற்கும் இரண்டு சதவீதம் கேட்டார்கள், மறுத்தேன், நீக்கினார்கள். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் மேசையில் உடன் இருந்தவர்கள் யாருக்கும் மறுக்கலாம் என்பதே தெரிந்திருக்கவில்லை. ஆகவே சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லாக் கட்டணமும் ஒன்றன்று. டெபிட் கார்டில் வாங்குபவரிடம் தொகையின்மேல் சதவீதக் கட்டணம் வசூலிப்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே நியாயமற்றது என்று சொல்லி, அப்படிச் செய்யும் கடைகளுடனான உறவை வங்கிகள் முறித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2018 ஜனவரி முதல் டெபிட் கார்டில் கடைக்காரர் வங்கிக்குத் தரும் கழிவுக்கே உச்சவரம்பு வந்தது: ஆண்டு வரவு 20 லட்சம் வரை உள்ள சிறு கடைகளுக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம். ரூபே டெபிட் கார்டுக்கும் யூபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் அதுவும் கிடையாது. கடன் அட்டைக்கு மட்டும்தான் அத்தகைய உச்சவரம்பு இல்லை, சகோதரி சொல்கிற இரண்டு சதவீதம் அங்கேதான் வருகிறது. ஆனால் நடைமுறையில் கல்லாவில் என்ன நடக்கிறது? பச்சை அட்டையோ நீல அட்டையோ, எதை நீட்டினாலும் "கார்டு" என்று ஒரே வார்த்தையில் இரண்டு சதவீதம் ஏற்றப்படுகிறது. வங்கி 0.40 எடுக்கும் இடத்தில் கடை இரண்டு வாங்கினால் மிச்சம் யாருடையது? வெலிங்டன் நண்பர் கேட்ட கேள்வியின் உட்பொருள் இதுதான்.

சேவைக் கட்டணம் என்று பில்லில் ஐந்தோ பத்தோ சதவீதம் சேர்ப்பது வேறு விஷயம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்து, 2025 மார்ச் 28 அன்று அந்த நெறிமுறையை உறுதி செய்தது. பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவருக்கு ஏதேனும் தர விரும்பினால் அவர் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. விற்பனையின்மேல் ஒரே குறைந்த விகிதத்தில் வரி கட்டும் இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) உள்ள சிறு உணவகங்கள் ஜிஎஸ்டி என்று தனியாக உங்களிடம் வசூலிக்கவே கூடாது. அந்த வரியைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அப்படிப்பட்ட கடை என்று பலகையும் வைக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். உட்காரும் முன்பே "கார்டுக்குக் கூடுதல் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். எண்ணை அழுத்தும் முன் திரையில் தொகையைப் படியுங்கள். பில்லையும் சீட்டையும் இரண்டையும் வைத்திருங்கள்; தொகை வேறுபட்டால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அவை இரண்டும்தான். மதுரைப் பயணியும் அந்த அறிவிப்பைப் படம் எடுத்திருக்க வேண்டும்.

மதுரைப் பயணி

அய்யா, விவரங்களுக்கு நன்றி. ஆனால் எந்த எண்ணுக்கு அழைத்து எதைப் புகார் செய்ய வேண்டும் என்பதற்காக நான் எழுதவில்லை. புகார் செய்திருந்தால் முதலாளி முதலில் யாரைக் கடிந்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் பையனைத்தான்.

திருப்பூரிலிருந்து

கார்டு பற்றியன்று, தண்ணீர் பற்றி. குன்னூருக்கு ஏறும் வழியில் பர்லியாற்றுச் சோதனைச் சாவடியில் எங்கள் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களை வாங்கிக்கொண்டார்கள். மலைக்கு நல்லது என்று மகிழ்ச்சியோடுதான் கொடுத்தோம். குன்னூரில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்ததும், கேட்காமலேயே இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்துவிட்டார்கள். திறந்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது. விலைப்பட்டியலில் அவற்றின் விலை ஒரு இட்லித் தட்டுக்குச் சமமாக இருந்தது. உணவகம் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாக உடன் வந்த நண்பர் சொன்னார். அது இருக்கட்டும், கேட்காமல் திறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை அல்லவா?

என் அம்மா பரிமாறுபவரைப் பார்த்து, "தம்பி, குளிருது, கொஞ்சம் வெந்நீர் குடுங்க" என்றார். அவர் ஒரு கணம் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முதலாளி கைப்பேசியில் இருந்தார். சட்டென்று உள்ளே போய், ஆவி பறக்க ஒரு பெரிய ஜக்கைக் கொண்டுவந்து, பேசாமல் மேசையின் உட்புறமாக வைத்துவிட்டுப் போனார். வெந்நீர் கொடுப்பதைக்கூட ஒருவர் முதலாளிக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருக்கிறதே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. மலைமேல் எந்தச் சிறிய டீக்கடையிலும் கேட்டதும் வெந்நீர் கிடைத்த காலத்தில் அப்பா அம்மாவோடு இங்கே வந்தவன் நான்.

வெலிங்டன்வாசி

கோத்தகிரிச் சகோதரி, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் நீங்கள் பலகையில் எழுதியிருந்தீர்கள்; எனக்கு நேர்ந்தது அதுவன்று. உங்கள் கடையாக இருந்திருந்தால் வாசலிலேயே படித்துவிட்டு ரொக்கம் எடுத்து வந்திருப்பேன், என் மாமனாரும் அந்த நாற்பது ரூபாயை எடுத்திருக்க மாட்டார். தோசை விலையை ஏற்றியதற்கு உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் எடுத்தவர் அந்த இரண்டு பெண்களைப் பார்த்திருக்க வேண்டும்.

கோத்தகிரியில் சிறு உணவகம் நடத்துபவள்

வங்கி அலுவலர் அய்யாவுக்கு: டெபிட் கார்டும் கடன் அட்டையும் ஒன்றன்று என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வெறும் கண்ணால் பார்த்து எங்கள் கல்லாவில் இருக்கும் பெரியவரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை என்பதும் உண்மை. எங்களுக்கு இயந்திரம் தந்தவர்களிடம் கழிவு விவரத்தைத் தனித்தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன்.

திருப்பூர் அண்ணனுக்கு: கோத்தகிரிக்கு வந்தால் வெந்நீருக்கு எங்கள் கடையில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

நேற்றிலிருந்து சாதா தோசை, இட்லி, டீ மூன்றும் பழைய விலைக்கே வந்துவிட்டன. ஏற்றிய தொகையை நெய் ரோஸ்ட்டிலும் பிரியாணியிலும் மட்டும் வைத்திருக்கிறோம், அவற்றை அதிகம் வாங்குவது மேலே வருகிற வண்டிக்காரர்கள்தான். இது கணக்குக்குச் சரிவருமா என்று சீசன் முடிந்த பிறகுதான் தெரியும். அந்த இரண்டு பெண்களும் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. பறிப்பு வேறு சரிவில் நடக்கிறது என்று சொல்கிறார்கள்.