நாய்க்குத் திட்டுத்திட்டாக முடி கொட்டுகிறது, இது ஒவ்வாமைதானா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் செம்பிக்கு இரண்டு வயது ஆகிறது. ஆறு வாரங்களுக்கு முன்பு அதன் வாலின் அடிப்பகுதியில் நாணய அளவுக்கு முடி உதிர்ந்திருப்பதைப் பார்த்தேன். எங்கேயாவது உரசிக்கொண்டிருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டேன். இப்போது இடுப்பின் பின்பகுதியில் ஆங்காங்கே தோல் தெரிகிறது, பின்தொடைகளிலும் முடி மெலிந்துவிட்டது. இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் தொல்லை அதிகம். கழுத்துப்பட்டையின் வளையம் கிணுகிணுக்கும் ஓசையும் முன்னங்கால்களை விடாமல் நக்கும் ஓசையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. வெளிர் நிறமாக இருந்த பாதத்து முடி, எச்சில் ஊறி ஊறித் துருவின் நிறத்துக்கு மாறிவிட்டது.

மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஒவ்வாமை என்று சொல்லி ஓர் ஊசி போட்டார். பத்து நாள்கள் அரிப்பே இல்லை. அதன் பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பிவிட்டது. கோழி இறைச்சியை நிறுத்திப் பாருங்கள் என்று சிலர் சொன்னதால் இரண்டு வாரங்கள் நிறுத்தினேன், ஒரு மாற்றமும் தெரியவில்லை. உடலில் புளித்த நாற்றம் வருவதால் மூன்று நாள்களுக்கு ஒருமுறை குளிப்பாட்டுகிறேன். பூச்சிகளுக்கான சொட்டு மருந்தை மாதந்தவறாமல் பிடரியில் விடுகிறேன், ஆகவே தெள்ளுப்பூச்சி இருக்க வாய்ப்பில்லை என்றே நம்புகிறேன். என் மகளுக்கு நான்கு வயது. செம்பியைக் கட்டிக்கொண்டுதான் உறங்குவாள். இது உண்மையிலேயே ஒவ்வாமைதானா, உணவை முழுவதுமாக மாற்ற வேண்டுமா, குழந்தைக்குத் தொற்றிக்கொள்ளுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்

அம்மா, ஒவ்வாமை என்ற சொல்லை நம்பி நான் ஒரு மாதத்தை வீணாக்கியவன், ஆகையால் உடனே எழுதுகிறேன். எங்கள் நாய்க்கு எட்டு மாதம் ஆனபோது கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டியது. அரிப்பு அவ்வளவாக இல்லை, அதை நானும் கவனிக்கவில்லை, பார்த்தவரும் கேட்கவில்லை. ஒவ்வாமை என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீரும் நேரத்தில் இரண்டு திட்டுகள் பத்தாகி, முகமெல்லாம் செதில் செதிலாக உரிந்து நின்றது.

அடுத்து நாங்கள் சென்ற கால்நடை மருத்துவர், தோலை இரு விரல்களால் அழுத்திப் பிடித்து, எண்ணெய் தொட்ட பிளேடின் முனையால் மெல்லிய இரத்தக் கசிவு தெரியும் வரை சுரண்டி, அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்நோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார். சுருட்டுப் போன்ற நீண்ட உடலும், முன்பக்கத்தில் குட்டையான எட்டுக் கால்களுமாக அவை நெளிந்துகொண்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி அது. பிறந்த முதல் சில நாள்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. பெரும்பாலான நாய்களின் மயிர்க்கால்களில் சிறிதளவு இருந்துகொண்டேதான் இருக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது பெருகிவிடும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பாற்றலைத்தான் அடக்குகிறது. அதை நிறுத்திவிட்டுச் சிற்றுண்ணியைக் கொல்லும் மாத்திரை கொடுத்தோம். ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைகளில் தொடர்ந்து ஒன்றும் தெரியாத பிறகுதான் சிகிச்சை முடிந்தது. உங்கள் செம்பிக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. சுரண்டிப் பார்க்காமல் இன்னோர் ஊசி போட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

இரண்டாம் பதில்

நான் கால்நடை மருத்துவர். நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் தெளிவாக விவரித்திருப்பதால் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முடி கொட்டிய நாயைக் கொண்டுவருபவரிடம் நான் முதலில் கேட்பது, அரிப்பு முதலில் வந்ததா, முடி முதலில் கொட்டியதா என்பதைத்தான். நாய் சொறிந்தும் கடித்தும் நக்கியும் தானே முடியை ஒடித்துக்கொண்டால், அந்த இடத்தைத் தடவும்போது மழித்த தாடி போலக் குத்தும். மயிர்க்காலே நோயுற்று முடி விழுந்திருந்தால் தோல் வழவழப்பாக இருக்கும். அரிப்பே இல்லாமல் உடலின் இருபுறமும் ஒரே மாதிரி முடி மெலிந்து, நாய் மந்தமாகி எடையும் கூடினால் தைராய்டு குறைபாட்டை நினைக்கிறோம். அதிகம் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறும் தொங்கினால் அட்ரினல் சுரப்பியைச் சந்தேகிக்கிறோம். செம்பிக்கு இந்த இரண்டும் பொருந்தவில்லை. அதற்கு அரிப்புதான் முன்னால் நிற்கிறது.

வாலின் அடி, இடுப்பு, பின்தொடை ஆகிய மூன்றும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருப்பதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது தெள்ளுப்பூச்சிக் கடியின் ஒவ்வாமை. அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்கு ஓரிரு கடிகளே நாள்கணக்கில் அரிப்பைத் தரப் போதும். கடித்த பூச்சியை நாயே நக்கி விழுங்கிவிடுவதால் உங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படாமல் இருக்கலாம். சொட்டு மருந்து விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள்களுக்கு ஒருமுறை குளிப்பாட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தோலின் எண்ணெய்ப் பசையில் பரவி நின்று வேலை செய்யும் சொட்டு மருந்துகள் பல, அடிக்கடி ஷாம்பு போட்டால் வலுவிழந்துவிடும். இன்றே பல் நெருக்கமான சீப்பால் வாலின் அடிப்பகுதியை வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். பூச்சியின் எச்சமாக இருந்தால், அது செரித்த இரத்தம் என்பதால், செம்பழுப்பாகக் கசியும்.

காது மடலின் ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் கடும் அரிப்புடன் பொருக்குத் தட்டினால் அது சார்கோப்டிக் சொறியாக இருக்கலாம். அதைத் தரும் சிற்றுண்ணி பல நேரங்களில் சுரண்டிப் பார்த்தாலும் அகப்படாது, ஆகவே ஐயம் வலுவாக இருந்தால் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பதே முறை. குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒவ்வாமையும் டெமோடெக்ஸும் அவளுக்கு ஒட்டாது. சார்கோப்டிக் சொறி மனிதருக்குத் தற்காலிக அரிப்பைத் தரும். படர்தாமரை நன்றாகவே ஒட்டும். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரவில்லை என்பதற்காகப் படர்தாமரை இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஏனெனில் அதைத் தரும் பூஞ்சை வகைகள் எல்லாமே ஒளிர்வதில்லை. பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு மூன்று வாரங்கள் வரை ஆகலாம். அது தெளிவாகும் வரை இருவரையும் தனித்தனியே உறங்கவையுங்கள், மகளின் தோலில் வட்டமான சிவந்த தடிப்பு தென்பட்டால் உடனே அவளுடைய மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் புளித்த நாற்றம் பெரும்பாலும் ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ பெருகியிருப்பதன் அடையாளம். சொறிந்து புண்ணான தோலில் அவை குடியேறி, அரிப்பை இரட்டிப்பாக்கும். ஒட்டும் டேப்பைத் தோலில் ஒற்றியெடுத்து, சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆகவே சுரண்டல், டேப், சீப்பு என்ற மூன்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை மனிதர்களுக்கான களிம்பு எதையும் தடவ வேண்டாம். துத்தநாகம் கலந்த களிம்பை நாய் நக்கினால் நஞ்சாகிவிடும், தேயிலை மர எண்ணெயும் அப்படியே.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

டாக்டர் அவர்களுக்கும் முதலில் எழுதிய ஐயாவுக்கும் என் நன்றி. நேற்றிரவே சீப்பால் வாரினேன். மிளகைப் பொடித்தது போன்ற ஏழெட்டுத் துகள்கள் விழுந்தன. தாளில் தண்ணீர் தெளித்த ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் பரவியதைப் பார்த்தபோது, ஆறு வாரங்களாக அது பட்ட பாட்டை எண்ணி மனம் கனத்துவிட்டது.

இன்று வேறொரு கால்நடை மருத்துவர் மூன்று பரிசோதனைகளையும் செய்தார். சுரண்டியதில் சிற்றுண்ணி எதுவும் இல்லை. டேப்பில் பாக்டீரியா நிறைய இருந்தது. படர்தாமரைக்காக முடியை எடுத்து அனுப்பியிருக்கிறார். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை போட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து அலசச் சொன்னார். சொட்டு மருந்துக்குப் பதிலாக மாதம் ஒரு மாத்திரை கொடுத்தார். ஷாம்பு அதைப் பாதிக்காது என்றும், சிற்றுண்ணிகளுக்கும் அதுவே மருந்து என்றும் விளக்கினார். வலிப்பு வந்ததுண்டா என்று கேட்ட பிறகே மாத்திரையைக் கையில் கொடுத்தது எனக்கு நம்பிக்கையளித்தது. பாதங்களை ஏன் நக்குகிறது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. உணவு மாற்றத்தையும் இப்போதே தொடங்கிவிடலாமா?

மூன்றாம் பதில்

அம்மா, தயவுசெய்து இப்போது தொடங்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எதனால் குணமானது என்று கடைசிவரை தெரியாது. நானும் அப்படிச் செய்து குழம்பியிருக்கிறேன்.

முதலில் வீட்டைக் கவனியுங்கள். நாயின் மேல் இருப்பவை முதிர்ந்த பூச்சிகள் மட்டுமே. மொத்தத்தில் அவை ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்று கணக்கிடுகிறார்கள். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் தரைவிரிப்பிலும் தரையின் இடுக்குகளிலும் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே குறைந்தது மூன்று மாதங்கள் மாத்திரையை விடாமல் கொடுங்கள், செம்பியின் படுக்கைத் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், வேக்குவம் கிளீனரால் இடுக்குகளை உறிஞ்சி, அதில் சேரும் குப்பையை உடனே வெளியேற்றுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் சிகிச்சை தேவை. ஆனால் நாய்க்கான பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்து பூனையின் உயிரையே பறித்துவிடும், ஆகையால் பூனைக்கென்றே உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

உணவுச் சோதனை பிறகு தேவைப்பட்டால், இரண்டு வாரம் கோழியை நிறுத்துவது சோதனையே ஆகாது. நாய் இதுவரை உண்ணாத ஒரு புரதமோ, மருத்துவர் தரும் ஹைட்ரோலைஸ்டு உணவோ (புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்தது), அதை மட்டுமே முழுமையாக எட்டு வாரங்கள் கொடுக்க வேண்டும். எங்கள் நாய்க்கு ஆறாம் வாரத்தில் அரிப்பு மீண்டும் கிளம்பியது. தேடிப் பார்த்தால், நாங்கள் கொடுத்துவந்த குடற்புழு மாத்திரையில் மாட்டிறைச்சிச் சுவை சேர்த்திருந்தார்கள். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எட்டு வாரம் கழித்துக் குணமானாலும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்தால்தான் முடிவு உறுதியாகும். இரத்தத்தையோ எச்சிலையோ முடியையோ அனுப்பி உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகளை நம்பிப் பணம் செலவிடாதீர்கள். அவை நம்பத்தக்கவை அல்ல.

கால்நடை மருத்துவரின் இரண்டாம் பதில்

மேலே சொன்னது சரி. பாதங்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். முகம், காது, அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றில் அரிப்பு நீடித்தால், வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணி, மகரந்தம் போன்றவற்றால் வரும் அடோபிக் தோலழற்சியை நினைக்க வேண்டும். அது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையே தொடங்கும். செம்பியின் வயது அதற்குள் வருகிறது. பூச்சியும் தொற்றும் நீங்கி, உணவுச் சோதனையிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் அந்தப் பெயரைச் சூட்டலாம். அதை உறுதிப்படுத்த எந்த இரத்தப் பரிசோதனையும் கிடையாது. ஒவ்வாமைப் பரிசோதனை, அதற்கான தடுப்பூசி மருந்தில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் உதவும். அந்த ஊசியின் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம் என்பதால், இடைக்காலத்தில் அரிப்பை அடக்க ஒக்ளாசிடினிப் மாத்திரையோ லோகிவெட்மாப் ஊசியோ தருகிறோம். முன்பு போட்ட ஊசி ஸ்டீராய்டு என்றால், அதன் விளைவு உடலை விட்டு நீங்கும் வரை எந்தச் சோதனையின் முடிவும் தெளிவாக இருக்காது. என்ன மருந்து என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர், மூன்று மாதங்களுக்குப் பிறகு

படர்தாமரை இல்லை என்று அப்போதே முடிவு வந்துவிட்டது. மூன்றாவது மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது. கடந்த ஐந்து வாரங்களாகச் சீப்பில் ஒரு துகள்கூட இல்லை. வாலின் அடியில் முடி அடர்ந்துவிட்டது, இடுப்பில் மட்டும் புது முடி சற்றே கருமையாக வந்திருக்கிறது. பழைய ஊசி நீண்ட நாள் நிற்கும் ஸ்டீராய்டுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். பாதம் நக்குவது பாதியாகக் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. ஆகவே இந்தத் திங்கள்கிழமை முதல் எட்டு வார உணவுச் சோதனையைத் தொடங்குகிறோம். இந்த எட்டு வாரங்களுக்கும் இறைச்சிச் சுவை சேர்க்காத பூச்சி மருந்தாக மருத்துவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மேசையிலிருந்து ஒரு துண்டும் கீழே போடக் கூடாது என்று மகளிடமும் சொல்லியாயிற்று.