ஃபோர்ட்ரான் கம்பைலர்: லைசென்ஸ் சர்வர் ஓடுகிறது, மற்ற மெஷின்களில் மட்டும் -15,570 பிழை

வரிசை_அணி கேட்டது:

வணக்கம். இன்டெல் பேரலல் ஸ்டூடியோ எக்ஸ்ஈ 2019, எல்லா மெஷினும் லினக்ஸ். 5 பேருக்கான ஃப்ளோட்டிங் லைசென்ஸ் (எந்த மெஷினும் சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது). பழைய சர்வரை எடுத்துவிட்டு லைசென்ஸ் மேனேஜரைப் புது மெஷினில் நிறுவியிருக்கிறோம். புது மெஷினின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாற்றி வாங்கிய லைசென்ஸ் ஃபைல்தான் அதில் இருக்கிறது. சர்வரிலேயே உட்கார்ந்து ஐஃபோர்ட் (இதிலுள்ள ஃபோர்ட்ரான் கம்பைலர்) ஓட்டினால் கம்பைல் ஆகிறது. மற்ற மெஷின்களில் எஃப்காம்ப்எல் (ஃபோர்ட்ரான் கம்பைலருக்கான) லைசென்ஸ் கிடைக்கவில்லை, -15,570, சிஸ்டம் எரர் 115 என்று நிற்கிறது. ஃபயர்வாலில் 28518 திறந்தாயிற்று. ஃபைலில் வேறு எதை மாற்ற வேண்டும்? லைசென்ஸ் விவரம் இருக்கும் இன்க்ரிமென்ட் வரிகளில் கை வைக்கலாமா?

கம்பிச்சுருள் பதில்:

இன்க்ரிமென்ட் வரிகளைத் தொடவே தொடாதீர்கள். அவற்றின் கையொப்பம் ஹோஸ்ட் ஐடியையும் (இங்கே சர்வரின் மேக் முகவரி) சேர்த்துக் கணக்கிடப்பட்டது. ஓர் எழுத்து மாறினாலும் -8 பிழைதான் வரும், அதாவது கையொப்பம் பொருந்தவில்லை என்று. நீங்கள் மாற்றக்கூடியவை சர்வர் வரியில் உள்ள ஹோஸ்ட்நேம், போர்ட் எண், வெண்டார் வரியில் உள்ள பாதை, போர்ட், ஆப்ஷன்ஸ் ஃபைல் பாதை. அவ்வளவுதான்.

சர்வரிலேயே கம்பைல் ஆகிறது என்பதால் ஃபைலைச் சந்தேகிக்க வேண்டாம். சர்வரில் ஓடுவது ஒரு புரோகிராம் அல்ல, இரண்டு. 28518-இல் காத்திருப்பது எல்எம்ஜிஆர்டி. அது 'இன்டெல் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) இந்தப் போர்ட்டில் இருக்கிறது' என்று வழிகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். லைசென்ஸ் கொடுப்பது அந்த இரண்டாவது டீமன். வெண்டார் வரியில் போர்ட் எழுதாவிட்டால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது ஏதோ ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். ஃபயர்வால் அதைத் தடுத்துவிடும். ஆகவே இப்படி நிலைப்படுத்துங்கள்:

வெண்டார் இன்டெல் போர்ட்=28519

(ஃபைலில் இதெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.) பிறகு ஃபயர்வாலில் 28519 டிசிபியையும் நிரந்தரமாகச் சேர்த்து ரீலோட் செய்யுங்கள். போர்ட் மாறியதற்கு, ஃபைலை மீண்டும் படிக்கச் சொல்லும் எல்எம்ரீரீட் கட்டளை போதாது. லைசென்ஸ் மேனேஜரை முழுக்க நிறுத்தித்தான் தொடங்க வேண்டும். நிறுத்தியவுடன் தொடங்கினால் டிசிபி போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று லாகில் வரலாம். பழைய இணைப்புகள் இன்னும் விடுபடவில்லை என்று பொருள். ஓரிரு நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள். அதன் பின் கிளையன்ட் மெஷினில் இருந்து 'என்சி -இசட்வி' கொடுத்து இரண்டு போர்ட்டையும் சோதியுங்கள்.

வரிசை_அணி:

மிக்க நன்றி. 28519 திறந்ததும் மூன்று மெஷின்களில் கம்பைல் ஆகிவிட்டது. இன்னொன்றில் -96 வருகிறது. அதில் இன்டெல்_லைசென்ஸ்_ஃபைல் மாறியில் 28518@ என்று போட்டு ஐபி முகவரி கொடுத்திருக்கிறோம். விபிஎன் வழியாக வரும் மடிக்கணினியில் அதே -15,570 தொடர்கிறது, ஆனால் என்சி இரண்டு போர்ட்டும் திறந்திருப்பதாகச் சொல்கிறது.

நீள்வட்டம் பதில்:

-96 வரும் மெஷினில் ஐபி கொடுத்ததால் முதல் படி மட்டும் தாண்டுகிறது. எல்எம்ஜிஆர்டி திருப்பிச் சொல்வது லைசென்ஸ் ஃபைலின் சர்வர் வரியில் எழுதியிருக்கும் பெயரை. இரண்டாவது இணைப்பை கிளையன்ட் அந்தப் பெயருக்குத்தான் போடும். அந்த மெஷினுக்குப் பெயர் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அதன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்ற பட்டியல்) சர்வரின் ஐபியையும் பெயரையும் ஒரு வரியாகச் சேருங்கள். மெஷின்கள் நிறைய இருந்தால் சர்வர் வரியிலேயே டொமைனோடு கூடிய முழுப்பெயரை எழுதிவிடுவது நல்லது.

மடிக்கணினியில் சிக்கல் நேரம். போர்ட்டில் இணைய ஃப்ளெக்ஸ்நெட் (இன்டெல் பயன்படுத்தும் லைசென்ஸ் மென்பொருள்) காத்திருப்பது இயல்பாக 1,00,000 மைக்ரோசெகண்ட், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. விபிஎன்னில் அது போதாது. எரர் 115 என்பதே 'இணைப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது' என்று லினக்ஸ் சொல்வதுதான். ஃப்ளெக்ஸ்எல்எம்_டைம்அவுட் என்ற சூழல் மாறியை 1000000 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். காற்புள்ளி இல்லாமல் எழுதுங்கள்.

கம்பிச்சுருள்:

ஆமாம், டைம்அவுட் எனக்குத் தோன்றவில்லை. சர்வரை மாற்றியவர்கள் பார்க்க வேண்டியது இன்னொன்று: பழைய முகவரி எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்பது. இன்டெல்_லைசென்ஸ்_ஃபைல், எல்எம்_லைசென்ஸ்_ஃபைல் இரண்டு மாறியையும் பாருங்கள். ஆப்ட் அடைவுக்குள் இன்டெல் லைசென்ஸ் அடைவில் கிடக்கும் பழைய ஃபைல்களை வெளியே நகர்த்துங்கள். ஹோம் அடைவில், லைசென்ஸ் முகவரிகளைச் சேமித்து வைக்கும் ஃப்ளெக்ஸ்எல்எம்ஆர்சி என்ற மறை ஃபைல் இருந்தால் அதன் பெயரை மாற்றி வையுங்கள். டைம்அவுட்டைக் கூட்டிய மெஷினில் இது இன்னும் முக்கியம், செத்துப்போன சர்வருக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்கும்.

2019 பதிப்புதான் வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? பேரலல் ஸ்டூடியோவுக்குப் பதிலாக 2020 டிசம்பரில் வந்த ஒன்ஏபிஐயில் இருந்து லைசென்ஸ் ஃபைலே தேவையில்லை. ஆனால் 2025 பதிப்பில் ஐஃபோர்ட்டை நீக்கிவிட்டார்கள், இன்டெலின் புது ஃபோர்ட்ரான் கம்பைலரான ஐஎஃப்எக்ஸ் மட்டும்தான்.

வரிசை_அணி:

ஹோஸ்ட்ஸ் வரி சேர்த்ததும் -96 போய்விட்டது. மடிக்கணினிக்கு 1000000 போதுமாக இருந்தது. அதில் ஃப்ளெக்ஸ்எல்எம்ஆர்சியில் பழைய சர்வரின் பெயரும் இருந்தது, எடுத்துவிட்டேன். ஐஎஃப்எக்ஸுக்கு இப்போது மாற முடியாது. சரிபார்த்து வைத்த விடைகள் எல்லாம் 2019 ஐஃபோர்ட்டில் வந்தவை, கம்பைலர் மாறினால் தசமத்தின் கடைசி இலக்கங்கள் நகரும். இருவருக்கும் நன்றி.